ஊட்டு பேட்டரி எறங்குது

அத்தியாயம் 6

"இன்னொருக்கா போடுங்க அம்மணி," என்றாள் பத்மாவதி.

மோகனப்பிரியா தன் செல்போனைத் தன் வீட்டு மேஜை நடுவில் வைத்து, பதிவாகியிருந்த அழைப்பை மறுபடியும் ஓடவிட்டாள். முதலில் இரைச்சல். தகரக் கூரையில் மழை கொட்டுவதைப் போன்ற இரைச்சல். அதில் மூழ்கியும் மிதந்தும் அவள் கணவன் சுரேந்தரின் குரல்.

"பிரியா... கேக்குதா?... ஊட்டு பேட்டரி எறங்கிட்டே இருக்குது... ஊட்டு பேட்டரி... சீக்கிரம்..."

வீட்டுப் பேட்டரி இறங்குகிறதாம், அதோடு சரி. இணைப்பு அறுந்துவிட்டது. நேற்றுக் காலை வந்த அழைப்பு அது. அதற்குப் பிறகு அந்த எண் உயிர் பெறவே இல்லை.

சுரேந்தர் காணாமல் போனது முந்தாநாள். சின்னியம்பாளையத்துப் பட்டறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவன் பட்டறைக்குப் போய்ச் சேரவில்லை. அவனும் அவனுடைய கூட்டாளி நவநீத்தும் கேரவன் கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள். காருக்குப் பின்னால் கொக்கியில் கோத்து இழுத்துக்கொண்டு போகும் சக்கர வீடு. கட்டில், அடுப்பு, விளக்கு, மின்விசிறி எல்லாம் அதற்குள்ளேயே.

இரண்டு மாதத்துக்கு முன்னால், அவர்களுடைய கேரவன் ஒன்று மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் கொக்கி முறிந்து உருண்டது. ஒருவர் இறந்துபோனார். கொக்கியைப் பற்றவைத்த ஷாநவாஸ் இப்போது சிறையில் இருக்கிறான்.

"காணாமப் போறதுக்கு மொத நாள் ராத்திரி என்ன சொன்னாருங்க?" பத்மாவதி கேட்டாள்.

"ஷாநவாஸ் மேல தப்பில்லீன்னு சொன்னாருங்க்கா. கொக்கியவே ஆரோ மாத்திப்போட்டாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. திங்கக்கிழமை கோர்ட்டுல நானே போயி சொல்லிப்போடறேன்னாரு. ஆருன்னு கேட்டேன். அங்கயே கேட்டுக்கோன்னுட்டாரு." மோகனப்பிரியாவின் கை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தது. "இன்னிக்கு சனிக்கிழமைங்க்கா."

"போலீஸ்ல?"

இதற்குப் பதில் சொன்னது, துப்பறியும் பத்மாவதியின் உதவியாளன் சபரீஷ். சோபாவில் பாதி படுத்தபடி, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் விசாரிச்சுப்போட்டேனுங்க்கா. செல்போன் டவர் எங்கன்னு பாக்கோணும்னா எஃப்.ஐ.ஆர். வேணுமாம். எஃப்.ஐ.ஆர். போடோணும்னா ஆளு காணாமப் போயிருக்கோணுமாம். ஆளுதான் போன் பண்ணி இன்வெர்ட்டரப் பாத்துக்கன்னு சொல்லீட்டாரே, அப்புறம் எப்பிடி காணாமப் போனாருங்கறாங்க. ஊட்டு நெனப்பு இருக்கற மனுசன், ரெண்டு நாள்ல தானா வந்துருவாராம்."

"நீ என்ன பாத்துட்டு இருக்கறே?"

"ஆராய்ச்சிங்க்கா."

"சினிமாவா?"

"எம்மேல இருக்கற நம்பிக்கையப் பாருங்க."

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பிரியா, பழைய துணி ஒண்ணு குடுங்க. தண்ணி சிந்திப்போச்சு."

நவநீத். முப்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் அழியாத விபூதி. காலையில் வந்ததிலிருந்து அவன் உட்காரவே இல்லை. கையோடு வாங்கி வந்திருந்த டிஸ்டில்டு வாட்டர் கேனைச் சாய்த்து, இன்வெர்ட்டர் பேட்டரியின் ஒவ்வொரு மூடியையும் திறந்து, குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"நவநீத் அண்ணன் மட்டும் இல்லீன்னா நான் என்னாவேன்னே தெரியலீங்க்கா," என்றாள் மோகனப்பிரியா. "நேத்து போன் வந்ததும் அவருக்குத்தான் மொதல்ல சொன்னேன். உடனே ஓடியாந்துட்டாரு. ஸ்டேஷனுக்கும் அவருதான் கூட வந்தாரு. இன்வெர்ட்டரு மேல சுரேந்தருக்கு அவ்வளவு கவனம்னு அவருதான் அவங்ககிட்ட எடுத்துச் சொன்னாரு."

துணியை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். சபரீஷ் எழுந்து உட்கார்ந்தான். அவன் முகத்திலிருந்த விளையாட்டு காணாமல் போயிருந்தது.

"அக்கா. இதைக் கொஞ்சம் கேளுங்க."

ஒயரின் ஒரு முனையைக் கழற்றிப் பத்மாவதியிடம் நீட்டினான். திரையில், சுரேந்தரும் நவநீத்தும் தங்கள் வியாபாரத்துக்காக எடுத்துப் போட்டிருந்த வீடியோ. 'ரெண்டு மாசம் ஓட்டலீன்னா கேரவனை எப்பிடி நிறுத்தி வெக்கறது?' என்பது தலைப்பு. கேரவன் வாசலில் நின்றபடி நவநீத் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"...உள்ளார லைட்டு, பேனு, பிரிட்ஜு ஓட்டறதுக்குன்னே தனியா ஒரு பேட்டரி இருக்குதுங்க. எங்க பட்டறையில இதுக்கு ஊட்டு பேட்டரின்னு பேரு. வண்டி சும்மா நின்னாலும் இது கொஞ்சங்கொஞ்சமா எறங்கும். வெட்டவெளியில நிறுத்துனீங்கன்னா கவலை இல்லை. மேல இருக்கற சோலார் பலகை வெயில் பட்டு ஏத்திக்கும். கூரைக்கு அடியில நிறுத்துனீங்கன்னா போச்சு..."

பத்மாவதி ஒயரைக் காதிலிருந்து மெதுவாக எடுத்தாள். வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினைந்து வருடம், நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து எது விபத்து, எது நாடகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அதே கண்ணால் திரையை இன்னொரு முறை பார்த்தாள்.

"ஊட்டு பேட்டரி," என்று முணுமுணுத்தான் சபரீஷ். "அவரு இந்த ஊட்டப் பத்திப் பேசலீங்க்கா. சக்கரம் வெச்ச ஊட்டப் பத்திப் பேசியிருக்கறாரு."

"சத்தம் போடாதே."

"அதுக்குள்ளதான் இருக்கறாரு. பேனு ஓடிட்டு இருக்குது. பேட்டரி எறங்கிட்டு இருக்குது. இந்த வெயில்ல, மூடுன பெட்டிக்குள்ள பேனு நின்னா..."

"சபரீஷ். சிரி."

"ஏனுங்க்கா?"

"அவன் வர்றான். சிரி."

நவநீத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். சபரீஷ் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"நவநீத், உங்க கேரவன் எல்லாம் இப்ப எங்க நிக்குதுங்க?" பத்மாவதியின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அந்த விபத்துக்கப்புறம் மூணும் ஓடலீங்க. மைனா காரமடையில ஒரு தென்னந்தோப்புல நிக்குது. குயிலு வெள்ளகோவில்ல என்ற மச்சான் அரிசி ஆலைக் களத்துல நிக்குது. கொக்கு சோமனூர்ல ஒரு பழைய தறிக் கொட்டாயில இருக்குது. பேரெல்லாம் சுரேந்தர் வெச்சதுங்க." நவநீத் லேசாகச் சிரித்தான். "ஏனுங்க கேக்கறீங்க?"

தோப்பிலும் களத்திலும் வெயில் படும்; பேட்டரி இறங்காது. கூரை இருப்பது ஒன்றுக்குத்தான்.

"சோமனூர் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்தரலாம். நீங்களும் வாங்க. எடம் காட்டறதுக்கு ஆள் வேணும்."

கண் சிமிட்டும் நேரம். அவ்வளவுதான் தயங்கினான்.

"வாரனுங்க. அதுக்கென்ன?"

* * *

அவிநாசி சாலையில் சித்திரை வெயில் தார் மேல் தண்ணீராக மின்னியது. பத்மாவதி ஓட்டினாள். பக்கத்தில் சபரீஷ். பின்னால் மோகனப்பிரியாவும் நவநீத்தும்.

சூலூர்ப் பிரிவைத் தாண்டும்போது நவநீத் முன்னால் சாய்ந்தான். "ஒரு டீ குடிச்சுப்போட்டுப் போலாமுங்களா? காலையிலிருந்து ஒண்ணும் குடிக்கலீங்க."

"சோமனூர்ல குடிக்கலாம்," என்றாள் பத்மாவதி.

"அங்க டீ நல்லாருக்காதுங்களே."

"எங்கக்கா ஓட்டற வேகத்துக்கு டீ குடிச்சா வவுத்துல நிக்காதுங்ணா," என்றான் சபரீஷ். "போன மாசம் நான் குடிச்ச காபி இன்னமும் கருமத்தம்பட்டியிலதான் இருக்குது."

நவநீத் செல்போனை எடுத்தான். "ஊட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கறேன்."

சபரீஷ் திரும்பிப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். "ஐயோ, அண்ணா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. எனக்குத் தடம் பாக்கோணும். என்றதுல சார்ஜு சுத்தமா இல்லை."

"இப்பத்தான் ஏதோ வீடியோ பாத்துட்டு இருந்தீங்க?"

"அதுலதானுங்க தீந்துபோச்சு."

போன் கை மாறியது. கண்ணாடியில் நவநீத்தின் முகத்தைப் பத்மாவதி பார்த்தாள். அவன் பயப்படவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. எங்கே போகிறோம் என்று தெரிந்தும், கொட்டாயின் சாவி அவன் பைக்குள்ளேயே இருந்தும், அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

மோகனப்பிரியா எதையும் கவனிக்கவில்லை. "ஏனுங்க்கா, அங்க எதுக்குப் போறோம்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு சந்தேகம், அம்மணி. பாத்துட்டுச் சொல்றேன்."

* * *

சோமனூரில் காரைவிட்டு இறங்கியதும் அந்த இரைச்சல் அவர்களை அடித்தது. தெரு முழுக்க விசைத்தறிகள். சுவர், தரை, மின்கம்பம் எல்லாம் அந்தத் தடதடப்பில் அதிர்ந்தன. பேசுவதென்றால் காதருகே வாயை வைத்துக் கத்த வேண்டும்.

மோகனப்பிரியா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். 

"இதேதான்! போன்ல கேட்டது மழை இல்லீங்க்கா, இந்தச் சத்தம்தான்! அவரு இங்கதான் இருக்கறாரு!"

பத்மாவதி நவநீத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவன் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தான்.

தறிகளை விற்றுவிட்டுப் போன பழைய கொட்டாய் அது. ஷட்டரைத் தூக்கியதும் உள்ளிருந்து அடுப்பு வாயைத் திறந்தது போல வெக்கை வந்தது. நடுவில் தூசி படிந்து நின்றது கேரவன். பக்கவாட்டில் நீல எழுத்தில் 'கொக்கு'. பூட்டில்லை. சபரீஷ் கதவை இழுத்தான். மோகனப்பிரியா அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

கட்டில். மடித்து வைத்த மெத்தை. குளிர்ந்த அடுப்பு. எதையும் யாரும் தொடவில்லை. தரைத் தூசியில் ஒரு காலடி கூட இல்லை.

"இல்லை," என்றாள் மோகனப்பிரியா. படியில் உட்கார்ந்தாள். "இங்க இல்லீங்க்கா."

"நான் அப்பவே சொல்லியிருப்பேனுங்க, நீங்கதான் கேக்கலை," என்றான் நவநீத். "வாங்க, ஊட்டுக்குப் போலாம். அவன் தானா வந்துருவான்."

 பத்மாவதியின் கணக்கில் எங்கோ தப்பு. கூரைக்கு அடியில் இருக்கும் கேரவன் இது ஒன்றுதான். இரைச்சலும் இந்தத் தெருவின் இரைச்சல்தான். ஆனால் ஆளில்லை. எங்கே தவறினோம்?

சபரீஷ் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்திருந்தான். பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த கியூ.ஆர். சதுரத்தைத் தன் செல்போனால் படம் பிடித்தான்.

"சார்ஜு தீந்துபோச்சுன்னு சொன்னீங்க?" நவநீத்தின் குரல் கூர்மையானது.

"திடீர்னு ஏறிக்குச்சுங்ணா. சோமனூர்க் காத்து." சபரீஷ் எழுந்திருக்கவில்லை. "அக்கா, புதுசா வர்ற பேட்டரிக்கெல்லாம் ஒரு ஆப் இருக்குது. பக்கத்துல போயி நின்னாப் போதும், எத்தனை சார்ஜு இருக்குது, எவ்வளவு செலவாகுதுன்னு பேட்டரியே சொல்லிப்போடும். பேட்டரி நம்மாளு மாதிரிங்க்கா, பொய் சொல்லத் தெரியாது. இதா வருது. கொக்கு. பாதி சார்ஜு. செலவு ஒண்ணுமில்லை. சும்மா நிக்குது."

"அப்பிடின்னா?"

"அப்பிடின்னா இதுக்குள்ள ஆளு இருந்ததே இல்லை." அவன் நிறுத்தினான். பிறகு மெல்ல எழுந்து வந்து போனைப் பத்மாவதியின் முன்னால் பிடித்தான்.  "ஆனா, அக்கா, இன்னொரு பேட்டரியும் பேசுது."

கொக்கு என்ற பெயருக்குக் கீழே இன்னொரு பெயர்.

மைனா. நான்கு சதவீதம். பக்கத்தில் செலவைக் காட்டும் எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"காரமடையில நிக்கற மைனா சோமனூர்ல எப்பிடிங்ணா கத்துது?" என்றான் சபரீஷ்.

நவநீத் ஷட்டரைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தான். பத்மாவதி குறுக்கே நின்றாள்.

"உக்காருங்க நவநீத்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சுரேந்தர் கொண்டாந்து நிறுத்தியிருப்பான்..."

"ஊட்டு பேட்டரின்னா இன்வெர்ட்டருன்னு இவங்க நெனைச்சாங்க. அதுல தப்பில்லை. போலீஸ் நெனைச்சாங்க. நானும் காலையில அப்பிடித்தான் நெனைச்சேன். கோயம்புத்தூர் ஜில்லாவுல ஆரைக் கேட்டாலும் அதேதான் சொல்லுவாங்க." பத்மாவதி இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினாள். "இந்தத் தப்பு வரவே முடியாத ஆளு ஒருத்தருதான் இருக்கறாரு. அந்தப் பேரை வீடியோவுல நின்னு ஊருக்கே சொல்லிக் குடுத்தவரு. அவரு என்ன பண்ணோணும்? சேதி கேட்ட அந்த நிமிசமே மூணு கேரவனையும் தேடி ஓடியிருக்கோணும். நீங்க என்ன பண்ணீங்க? டிஸ்டில்டு வாட்டர் வாங்கியாந்து ஊத்துனீங்க."

மோகனப்பிரியா படியிலிருந்து எழுந்தாள். "அண்ணா?"

நவநீத் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்களை எதுக்குக் கூட்டியாந்தேன்னு நெனைச்சீங்க? எடம் காட்டறதுக்கா? எங்களுக்கு முந்தி நீங்க இங்க வந்துரக்கூடாதுன்னுதான். கொக்கி மாத்துனதும் நீங்கதான், அதைத்தான் அவரு கோர்ட்டுல சொல்ல இருந்தாரு. மைனா எங்க?"

அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். திரையில் நான்கு மூன்றானது.

"வாயத் தொறடா!" மோகனப்பிரியா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பொத்தான் தெறித்தது.  அவனுக்குத் தேவை நேரம் மட்டும்தான். அது அவனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

"இந்த ஆப்புக்கு ரொம்ப தூரம் எட்டாதுங்க்கா," என்றான் சபரீஷ். "சுத்தி நாலு செவுரு. ஏதோ ஒரு செவுத்துக்கு அந்தப் பக்கம்தான்."

"எந்தச் செவுருன்னு காதால கேக்கோணும். இந்தச் சத்தத்தை நிறுத்து."

"தெருவையேவா?"

"ஓடு!"

சபரீஷ் எதிரேயிருந்த தறிக்கூடத்துக்குள் ஓடினான். வாசலில் நின்றிருந்த அம்மாள், காதில் பஞ்சும் இடுப்பில் சொருகிய சேலையுமாக, ராசாத்தாள். ஐம்பது தறிக்குச் சொந்தக்காரி.

"ஏனுங்கம்மா, தறியெல்லாம் ஒரு நிமிசம் நிறுத்தோணுமுங்க!"

"என்ன கண்ணு, விளையாடறியா? பாவு நூலு அறுந்துபோச்சுன்னா நீ வந்து முடி போடுவியா?"

"பக்கத்துல ஒரு மனுசன் பூட்டுன வண்டிக்குள்ள செத்துட்டு இருக்கறாருங்க. கத்தறது கேக்க மாட்டீங்குது!"

ராசாத்தாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அடுத்த கேள்வி கேட்கவில்லை. சுவரிலிருந்த பெரிய ஸ்விட்சைக் கீழே இழுத்தாள். பிறகு தெருவுக்கு வந்து, அடுத்த கூடத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். அங்கும் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது.

சோமனூரில் அந்தத் தெரு அமைதியானது. காதுக்குள் வலிக்கிற அமைதி.

டொக். நீண்ட இடைவெளி. டொக்.

மேற்குச் சுவருக்குப் பின்னாலிருந்து.

"அது காலிக் கொட்டாயிதானே," என்றாள் பின்னாலேயே வந்த ராசாத்தாள். அவள் பார்வை நவநீத்தின் மேல் விழுந்தது. "அட, இந்தத் தம்பிதான் முந்தாநேத்து அதை வாடகைக்குப் புடிச்சுது. ஒரு வண்டிய நிறுத்தோணும், ஆரும் அக்கட்டப் போக வேண்டாம், உள்ள மருந்தடிச்சு வெச்சிருக்குதுன்னு சொல்லுச்சு!"

நவநீத் ஓடப் பார்த்தான். தறிகளை விட்டுவிட்டு வாசலுக்கு வந்திருந்த ஆட்கள் அவனை இரண்டு எட்டுக்கு மேல் விடவில்லை.

கடப்பாரை வந்தது. கொட்டாயின் பூட்டு உடைந்தது. இருட்டுக்குள் மைனா. ஜன்னல்கள் மேல் இரும்புத் தகடு இறக்கி, கதவில் இன்னொரு பூட்டு. உள்ளே மின்விசிறி இழுத்து இழுத்துச் சுற்றும் சத்தம்.

சபரீஷ் கடப்பாரையை ஓங்கினான். பூட்டு தெறிக்கவில்லை. மறுபடி ஓங்கினான்.

மின்விசிறி நின்றது.

செல்போன் திரையிலிருந்து மைனா என்ற பெயர் மறைந்தது. தட்டும் சத்தமும் இல்லை.

"சுரேந்தர்!" என்று அலறினாள் மோகனப்பிரியா.

மூன்றாவது அடியில் கதவு பிய்ந்து வந்தது. உள்ளே தரையில், கதவை ஒட்டி, வேர்வையில் நனைந்து சுருண்டு கிடந்தான் சுரேந்தர். கையில் ஒரு ஸ்பேனர். நான்கு பேர் சேர்ந்து அவனை வெளியே இழுத்து வாசல் காற்றில் கிடத்தினார்கள். ராசாத்தாள் ஒரு குடம் தண்ணீரை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள்.

 அவன் இருமினான். கண் திறந்தது. மனைவியைத் தேடிக் கண்டுபிடித்தது.

"திங்கக்கிழமை... தாண்டீருச்சா?"

"இல்லீங்க. இன்னும் தாண்டலீங்க." அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஷாநவாஸுக்கு... சொல்லிவிடு. நான் வாரேன்னு."

இரண்டு ஆட்களின் பிடியில் நின்றிருந்த நவநீத் இப்போதுதான் வாயைத் திறந்தான்.

"சத்தியமா சாகட்டும்னு நெனைக்கலீங்க! கோர்ட்டு முடியற வரைக்கும் உள்ள இருக்கட்டும்னுதான். பேனு போட்டுட்டுத்தான் பூட்டுனேன். தண்ணி வெச்சேன். பேட்டரி இவ்வளவு சீக்கிரம் எறங்கும்னு எனக்கு எப்பிடித் தெரியுமுங்க? கொல்லோணும்னா பேனு எதுக்குங்க போடறேன்?"

கூடியிருந்தவர்களில் ஒரு சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நியாயம் போலத்தான் பட்டது.

மைனாவின் முன்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சபரீஷ் கூப்பிட்டான். "அக்கா, இங்க வாங்க. கொக்கிக்குப் பக்கத்துல பேட்டரியத் துண்டிக்கற செவப்புத் திருகு இருக்குது. இது ஆஃப்ல இருக்குதுங்க்கா. இது ஆஃப்ல இருந்தா உள்ள ஒரு பல்பு கூட எரியாதே. அப்புறம் பேனு எப்பிடி ஓடுச்சு?"

பத்மாவதி சுரேந்தரிடம் திரும்பினாள். அவன் ஸ்பேனரை இன்னும் விடவில்லை.

"கட்டிலுக்கு அடியில பலகையப் பேத்து, பேனு ஒயரை நேரா பேட்டரியிலயே முறுக்கி உட்டேனுங்க," என்றான். மூச்சு வாங்கியது. "இருட்டுல. எத்தனை நேரம் ஆச்சுன்னு தெரியலை. அவன் கண்ணுல படாம வெச்சிருந்த போனுலயும் ஒருக்காத்தான் லைன் கெடைச்சுது, அதோட சார்ஜும் போச்சு. பேனு போட்டுட்டுத்தான் போனான். அது நெசம். கதவைப் பூட்டுனான். அப்புறம் முன்னாடி நடந்து போறது கேட்டுச்சு. டக்குனு ஒரு சத்தம். பேனு நின்னுபோச்சு."

"மறந்தாப்பல கை போயிருச்சுடா!" என்று கத்தினான் நவநீத். "வண்டி நிறுத்துனா அதைத் திருப்பறது பழக்கம்தானே! பழக்கதோசம்!"

சுரேந்தர் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். கூட்டாளியை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தான்.

"வண்டிய நிறுத்துனா அதைத் திருப்பி வைடா, திருப்பி வைடான்னு ஏழு வருசமா உங்கிட்டத் தொண்டை கிழியக் கத்தீருக்கறேன். ஒருக்காலாவது திருப்பியிருக்கறியாடா?" என்றான். "என்னை உள்ள வெச்சுப் பூட்டுன அன்னிக்குத்தான்டா மொதல் தடவையாத் திருப்புனே."